நித்யா எதைப் பார்க்கிறாள்

2008 செப். 1, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். துணி காயவில்லை. நர்சரி மிஸ் வாசலில் நிறுத்தினார். "கூப்பிட்டா நித்யா திரும்பவே மாட்டீங்குதுங்க. எதுக்கும் ஒருக்கா காது பார்த்துருங்க." காதில் ஒன்றும் இல்லை. பிஸ்கட் உறை பிரிக்கிற சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவாள். நாலு வயது. யார் முகத்தையும்தான் பார்ப்பதில்லை. என் முகத்தையும். இதை எழுத இன்றுதான் மனசு வந்தது.

செப். 3, புதன்

பனியன் கம்பெனிக்கு லீவு. சூப்பர்வைசர் முகம் சுளித்தார். நித்யாவோடு கோவை, குழந்தை டாக்டர். காது சரி. டாக்டரம்மா சுவரில் இருந்த யானைப் படத்தைக் கைநீட்டிக் காட்டினார். நித்யா யானைப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் விரல் மோதிரத்தையே பார்த்தாள். இன்னும் ஏதேதோ செய்து பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். "பாசம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்கம்மா. முகத்துல நமக்குத் தெரியற சேதி அவளுக்குச் சட்டுனு பிடிபடாது. கண்ணைப் பார்க்கறதே சிரமமா இருக்கும். தாடையைப் பிடிச்சுத் திருப்பாதீங்க. அவ பக்கத்துல உட்கார்ந்து, அவ பார்க்கறதை நீங்களும் பாருங்க." வாரம் ஒருநாள் பயிற்சி. பஸ்ஸில் அவிநாசி வரை அழுதேன். அவள் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

செப். 7, ஞாயிறு

வாங்க வேண்டியது: தக்காளி, பஞ்சு, டெட்டால்.

டாக்டர் சொன்னதில் என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை. சாயங்காலம் நித்யாவின் தாடையைப் பிடித்து, "அப்பனைப் பாரு கண்ணு. ஒரே ஒருக்கா." அலறினாள். கையைக் கடித்துவிட்டாள். நல்ல ரத்தம். நான் கட்டுப்போடும்போது மெதுவாகக் கேட்டார், "எம்புள்ளைக்கு என்னையப் புடிக்கலையா?"

"அப்படி இல்லீங்க. அதுக்குச் சிரமமா இருக்குதுங்க."

வெளியே போய் நின்றுகொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

செப். 11, வியாழன்

ஷிப்மென்ட் அவசரம், வர இருட்டிவிட்டது. கதவு திறந்து கிடந்தது. நித்யா கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள். எதிரே இவரும் அதேபோல, சட்டைகூட மாற்றாமல். நடுவில், நூல் தீர்ந்த காலி அட்டைக் கோன் ஒன்று. இவர் சுற்றிவிடுகிறார், இரண்டு பேரும் பார்க்கிறார்கள். கோன் நின்றது. இவர் சும்மா இருந்தார். நித்யா இவர் கையை இழுத்துக் கோன்மேல் வைத்தாள். அப்போதும் சுற்றவில்லை. அவள் தலையைத் தூக்கி இவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணையேதான். சட்டென்று மறுபடி கோனுக்குப் போய்விட்டாள்.

இவர் கோனைச் சுற்றிவிட்டார்.