இடப்பக்கத்துக் கோடு

ஸ்பிரிட் வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. உன் டி.வி. விளையாட்டுப் பெட்டியைப் பழுது பார்த்து, இன்று சாயங்காலம்தான் உன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். திரையில் இடப்பக்கத்துக் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கிறது, அதை நிறுத்தித் தாருங்கள் என்று உன் வீட்டுக்காரி கேட்டிருந்தாள். எந்த ரேடியோக் கடைக்காரனும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிக்கிற வேலை. டிப்ளமா முடித்து, உரத் தொழிற்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற எனக்கு வாரக்கணக்காக ஆயிற்று. ஏன் என்று வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொழும்பு டி.வி. நிலையத்தின் படம் நம் ஊர் ஆண்டெனாக்களில் விழத் தொடங்கிய வருஷம். கப்பலிலிருந்து லீவில் வந்த நீ சிங்கப்பூரிலிருந்து ஒரு டி.வி.யும் இந்தப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாய். அட்டைப்பெட்டியின் மேல் கலர் படம்: முடி பறக்க, தொடை புடைக்க, ஒருவன் பந்தை உதைக்கிறான். தெருவே அந்த அட்டையைக் கைமாற்றிப் பார்த்தது. நீ சுவிட்சைப் போட்டாய். கறுப்புத் திரையில் வெள்ளையாகச் சில கோடுகள், பந்துக்குப் பதில் ஒரு சின்னக் கட்டம். அவ்வளவுதான்.

"ஏலே, ஆளு எங்கல? எல்லாம் தீக்குச்சியால்லா நிக்கி?" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர்.

"ஆளுக பின்னால கப்பல்ல வாரானுவ, பெரியப்பா. இப்போதைக்குக் கோடு வந்து சேந்திருக்கு" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விளக்கம் சொன்னேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரானிக் சில்லு, அதற்குச் செவ்வகம் மட்டும்தான் போடத் தெரியும், கை கால் முகம் எல்லாம் வேண்டுமென்றால் இதைப்போல அலமாரி நிறைய வேண்டும், அட்டையில் இருப்பது வெறும் ஏமாற்று. யாரும் கேட்கவில்லை என்பது எனக்குப் பொருட்டில்லை. "கோட்டுக்குக் கோடு என்னல வித்தியாசம்? இதுல நீ யாரு, நான் யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்றேன்.

கோட்டை மேலும் கீழும் நகர்த்த ஆளுக்கொரு குமிழ். இடப்பக்கத்துக் குமிழ் அப்போதே சரியில்லை. அதைத் திருப்பிக் கையை எடுத்துவிட்டாலும் கோடு ஒரு நிலையில் நிற்காமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும். நீ உன் மகளை மடியில் இழுத்து வைத்து அதைக் காட்டினாய். "நிக்க முடியாம ஆடுதான் பாரு, அவன்தான் அப்பா. கப்பல்ல இருந்து இறங்கினா அப்பாவுக்குத் தரையும் ஆடும்லா." அவள் போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள். லீவு முடிகிற வரை உங்கள் வீட்டில் இதே கூத்துதான். நான் வலப்பக்கம், நீ இடப்பக்கம். கோல் விழுந்தால் குமிழை இன்னும் கொஞ்சம் உதறி, அந்தக் கோட்டை ஆட வைப்பாய். பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பாள். கழற்றிச் சரிசெய்து தருகிறேன் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "போல, அவன் பாட்டுக்கு ஆடட்டும்" என்பாய்.

பிறகு ஒரு தந்தி வந்தது. நடுக்கடலில் காய்ச்சல், கடலிலேயே அடக்கம். உன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மாதா கோயிலில் சவப்பெட்டி இல்லாமல்தான் பூசை நடந்தது. உன் பெட்டி படுக்கைகூட இன்னும் வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகும் சாயங்காலங்களில் உன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற சாக்கில். அவள் இடப்பக்கத்துக் குமிழைப் பிடிப்பாள், கோடு நடுங்கும், "அப்பா ஆடுதாரு" என்பாள். நான் திருத்தியதே இல்லை. பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் உன் வீட்டுக்காரி பெட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதச் சரி பண்ணித் தாங்க. அது ஆடும்போதெல்லாம் பிள்ள அப்பா அப்பாங்கா. ராத்திரி எழுந்து டி.வி. முன்னால போய் உக்காந்திருக்கா. என்னால முடியல."

"அது வெறும் கோடு, தங்கச்சி."

"தெரியும்ணே. தோணி கரைக்கு வாரப்ப எங்களுக்கு முகமா தெரியுது? நிக்குத நிலைய வச்சுத்தான் இன்னார்னு சொல்லுதோம். எனக்கும் அப்படித்தான் இருக்கு. அதாம் நிப்பாட்டச் சொல்லுதேன்."

வாங்கி வந்தேன். செய்யவில்லை. குமிழுக்கு அடியில் இருக்கிற வால்யூம் கண்ட்ரோல் மதுரையிலிருந்து வரவேண்டும் என்று அவளிடம் பொய் சொன்னேன். ரேடியோக் கடையில் அது கண்ணாடிப் பெட்டி நிறையக் கிடந்தது. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அண்ணாச்சியின் டி.வி.யில் உன் பெட்டியை மாட்டி, வலக்கையில் என் குமிழும் இடக்கையில் உன் குமிழுமாக ஆடினேன். உன் பக்கத்தை ஜெயிக்க விட்டேன். அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்து கொஞ்ச நேரம் பின்னால் நின்றிருக்கிறார்.

"என்னவே, ஒத்தையில ஆடுதீரு?"

"சோதிச்சுப் பாக்கேன், அண்ணாச்சி."

"சோதனைக்கா வே கண்ணு கலங்குது?"

காது வரை சுட்டது. படித்தவன், ஒரு செவ்வகத்தின் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு குழந்தை தூங்காமல் இருக்கிறது. அவளுக்காகத் தாயார் கேட்ட ஒரு வேலையை, நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

இன்று லீவு போட்டுக் காலையிலேயே கழற்றினேன். ஸ்பிரிட்டில் பச்சைக் களிம்பைத் துடைத்துப் புதிய கண்ட்ரோலைப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. யாராகவும் இல்லை.

உன் வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். பிள்ளை குமிழைத் திருப்பினாள். மேலே போனது, கீழே வந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அசையவில்லை.

"இது யாரு மாமா?"

கோடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். 

"நீதான்ளா" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், திரையை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றாள். மூன்று கோல் வாங்கினாள். நாலாவதைத் தடுத்துவிட்டு, பந்து எங்கே போனது என்று டி.வி.க்குப் பின்னால் தேடினாள். உன் வீட்டுக்காரி அடுக்களை வாசலில் நின்று பார்த்தபடியே இருந்தாள்.

புறப்படும்போது, "அந்தப் பழசு எங்கண்ணே?" என்று கேட்டாள். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன்.

சட்டைப் பையில் இருக்கிறது. கம்பி அறுத்த கண்ட்ரோல். எதிலும் மாட்டாமல் அதனால் ஒரு கோட்டையும் ஆட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பையில் கை போகும்போதெல்லாம் அதைத் திருப்புகிறேன். நடுவில் ஓரிடம் சொரசொரக்கிறது. அங்கே வந்ததும் விரல் நின்றுவிடுகிறது. யாராவது பார்த்தால் சில்லறை தேடுவதுபோல் காட்டிக்கொள்கிறேன்.