பிரிக்காத பார்சலுக்கு நான் சொன்ன சாட்சி

பிரியமுள்ள எத்திராஜ் மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் பெயருக்கு இன்னும் மின்னஞ்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. முகவரி மூடப்பட்டுவிட்டதால் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது. அப்படித் திரும்பி வந்ததில் எரிச்சலடைந்த ஒருவன், உங்கள் டிரைவரையே நீக்கிவிடலாம் என்று போன மாதம் எழுதினான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது அவ்வளவு சுலபமாக வராது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. மாமா என் அக்கா சுலோச்சனாவின் கணவர். பெரிய காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர். உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதன் நடுப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். ஒவ்வொரு கருவியோடும் பேசத் தெரிந்த சின்னச் சின்ன நிரல்கள் அதற்குள் உண்டு, அவைதான் டிரைவர்கள். பழைய இயந்திரங்களைக் கணினியோடு இணைக்கும் ஒரு மலிவான கன்வர்ட்டர் டப்பா. அதன் டிரைவரைப் பதினோரு வருடம் சம்பளமில்லாமல் பராமரித்தவர் மாமா.

நீக்கச் சொன்னவன் பெரிய கம்பெனிக்காரன். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன். "இந்தக் கருவி இப்போது யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. கடைசி ஆறு மாதமாக இந்த டிரைவர் வேலையும் செய்யவில்லை. பராமரிப்பாளர் பதில் தருவதில்லை."

பதில் தருவதில்லையாம், மாமா.

ஆறு மாதமாக அது ஏன் வேலை செய்யவில்லை? அதைக் கெடுத்ததே அவன் கம்பெனிதான். ஒரு மென்பொருளை ஏவிவிட்டு ஆயிரக்கணக்கான கோப்புகளைச் 'சுத்தம்' செய்தார்கள். உங்கள் டிரைவர் டப்பாவிடம் ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கும். முதல் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் அந்த டப்பா சொல்லும் முதல் பதில் எப்போதுமே குப்பை. அது கையில் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரே கேள்வி எதற்கு இரண்டு தடவை என்று அந்த மென்பொருள் ஒன்றை வெட்டி எறிந்தது.

வெட்டியது கூடப் பரவாயில்லை. நம் வழக்கம் ஒன்று உண்டு அல்லவா? ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் பெயர், கருவியைச் செருகிச் சோதித்தவர் பெயர். சோதித்தவர் பெயர் என்பது சாட்சி. "என் கண்ணால் பார்த்தேன், ஓடியது" என்று அர்த்தம். அந்த வெட்டுக்கு அடியில் அதே கம்பெனியின் இன்னொருவன் சோதித்ததாகப் பெயர் போட்டிருக்கிறான். திருத்தம் வந்த பதினோராவது நிமிடத்தில். கர்னலைத் தொகுத்து, கருவியைச் செருகிப் பார்க்க அந்த நேரம் போதாது.

தானே உடைப்பது, உடைந்து கிடக்கிறது என்று தானே புகார் சொல்வது, பிறகு பொறுப்புள்ளவன் போல அள்ளிக் குப்பையில் போட அனுமதி கேட்பது. இவர்கள் விற்கும் பெட்டிகளில் உங்கள் டிரைவர் வருடக்கணக்காக ஓடியது. ஒருவனாவது ஒரு நன்றி எழுதினானா? செத்த பிறகு மட்டும் எழுதினார்கள், மாமேதை என்று. டயாலிசிஸ் வார்டில் நீங்கள் படுத்திருந்தபோது இந்த மேதையை யாருக்கும் தெரியவில்லை.

நம் தெருமுனை ரத்தப் பரிசோதனை லேப்காரரை நினைவிருக்கிறதா? நீங்கள் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டரை அவர் போன மாதம் புதுப்பித்தார். அன்றோடு போயிற்று. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிசின் ரிசல்ட்டு குடுக்குது சார், கம்ப்யூட்டர்தான் வாங்கமாட்டேங்குது. கையாலதான் எழுதிக்கினு இருக்கறோம். நேத்து ஒரு அம்மாவோட சக்கரய வேற ஒருத்தர் சீட்டுல ஏத்திட்டா எங்க பொண்ணு. நல்லவேள, குடுக்கறதுக்குள்ள பாத்துட்டேன். நீங்க கம்பெனில பெரிய ஆளு, இதக் கொஞ்சம் பாக்கக் கூடாதா?"

பெரிய ஆள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருபது வருடமாக எனக்குக் கிடைக்காத பட்டத்தை அவர் கொடுத்தார்.

கர்னல்காரர்கள் கூடிப் பேசும் மின்னஞ்சல் பட்டியலுக்கு நான் எழுதினேன். நீக்காதீர்கள், கருவி என்னிடம் இருக்கிறது என்றேன். அந்தப் பிரிவின் தலைவர் நாலே வரியில் பதில் போட்டார். பழைய மாடல் இப்போது கடையில் கிடைப்பதில்லை, விற்பது நீல நிறப் புது மாடல்தான். அதற்கு எத்திராஜ் எழுதிய திருத்தமும் தோற்றுப் போய்த் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் இரண்டு மாடலையும் ஓடவைத்துக் காட்டினால் டிரைவர் இருக்கும், இல்லையென்றால் போகும்.

நீல டப்பா. சுலபமாக வராது என்றேனே, அது இதுதான்.

நீங்கள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அந்த டப்பா உங்கள் பெயருக்குக் கூரியரில் என் வீட்டுக்கு வந்தது. படுக்கையிலிருந்தே திருத்தத்தை எழுதி எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தீர்கள். "என்னால செருகிப் பாக்க முடியாது குமரேசு. நீ பாத்துட்டு உன் பேரப் போட்டு அனுப்பிடுப்பா."

நான் பார்சலைப் பிரிக்கவே இல்லை, மாமா.

எம்.சி.ஏ. படித்தவன் நான். டிப்ளமோ படித்தவருக்கு எடுபிடி வேலையா என்ற எரிச்சல். பட்டியலில் எல்லோரும் உங்களைக் கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். என் திருத்தங்களை நாலு தடவை திருப்பி அனுப்புவார்கள். உங்கள் கை சுத்தம், எப்படியும் ஓடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சோதித்ததாகப் பெயர் போட்டேன். கம்பெனிக்காரனுக்காவது பதினோரு நிமிடம். நான் இரண்டு நாள் காத்திருந்து அனுப்பினேன், நிஜமாகவே சோதித்ததுபோல் இருக்கட்டும் என்று.

அது யாருக்கும் ஓடவில்லை. திரும்பப் பெற்றார்கள். நீங்கள் எல்லோருக்கும் பொதுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினீர்கள். என் பெயரை ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் கேட்டீர்கள்.

"நம்ம டப்பால ஓடுதே, அவங்களுக்கு மட்டும் ஏம்ப்பா ஓடல? அத எடுத்தா, பாக்கலாம்."

அன்றுதான் பிரித்துச் செருகினேன். ஓடவில்லை. மறுநாள் உங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன், ஷார்ட் ஆகிக் கெட்டுப்போய்விட்டது மாமா, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று. மற்றவர்கள் டப்பாவுக்குள் சிப் வேறாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். ஓடிய டப்பாவுக்கும் ஓடாத டப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கடைசி நாலு மாதம் தேடினீர்கள். இல்லாத ஒன்றைத் தேடினீர்கள். "எனக்குதான் புத்தி மழுங்கிடுச்சு போலகீது" என்று ஒரு நாள் சிரித்தீர்களே, அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா?

டப்பா என் பீரோவிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய மாடல்கள் எல்லாம் உங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீங்கள் பெயர் அட்டை கட்டியிருந்தது தறியின் பாவு நூலில், ஒன்றுகூட அவிழவில்லை. அக்கா வாரா வாரம் துடைக்கிறாள்.

"இன்னாடா, இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள். "லேப்காரரு ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போனாரு. எங்க வூட்டுக்காரரு போனதும் டப்பா வேலையும் போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அதுக்குத்தாங்கா வந்தேன்."

"செய். ஆனா நூறு வாட்டி செருகி உருவறதுன்னா கதவ சாத்திக்கோ. அந்த டிங்கு டிங்கு சத்தம் இன்னும் என் காதுலயே இருக்குது."

பழைய மாடலைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெட்டிய வரியை மறுபடி வைத்தேன், ஓடியது. நீல டப்பாவை வெளியே எடுத்தேன். அட்டைப் பெட்டியைக் கீழே போட்டிருந்தேன். காபி கொண்டுவந்தவள் அதைக் குனிந்து எடுத்தாள்.

"இதுல அவரு பேரு போட்டிருக்குதே."

"ஆமாங்கா."

"நீலக் கலரு. கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னியே, அதுதானே இது?"

பொய் இன்னொன்று நாக்கு நுனிவரை வந்தது, மாமா.

"கெட்டுப்போவலக்கா. அப்ப நான் பிரிக்கவே இல்ல."

"பிரிக்காம ஓடுச்சுன்னு எப்பிடிடா எழுதின?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அந்த நாலு மாசம் அவரு என்னோட பேசினதவிட இந்த டப்பாங்களோட பேசினதுதான் ஜாஸ்தி. ரெண்டு வார்த்த பேசுயான்னு பக்கத்துல போய் உக்காந்தா, இரு சுலோ, கிட்ட வந்துட்டேன், இன்னும் கொஞ்சந்தான்னுவாரு. சாவப்போற மனுசன்டா. அந்த நாலு மாசம் எனக்கு வரவேண்டியது."

பிறகு, "வந்த வேலய முடி" என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அவள் பார்க்கப் பார்க்க நான் செருகினேன், உருவினேன், செருகினேன். வெளிச்சம் இருக்கும்போதே காரணம் கிடைத்துவிட்டது. மின்சாரம் வந்ததும் நீல டப்பாவுக்கு அரை நொடி அவகாசம் வேண்டும். அவ்வளவுதான், மாமா. ஓடவில்லை என்று நான் உண்மையைச் சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்திருந்தால் நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்து மூடி வைத்திருப்பீர்கள்.

அக்கா அலமாரியைக் காலி செய்தாள். எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் அடுக்கி என் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கினு போ. இனிமே இதுங்களுக்காக இந்த வூட்டுக்கு நீ வர வேணாம்."

திருத்தங்களை அனுப்பிவிட்டேன். இரண்டு மாடலும் ஓடுகின்றன. லேப்காரர் சீட்டில் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டார். டிரைவர் கர்னலில் இருக்கிறது. ஒருமுறை ஏறிய வரலாற்றை யாராலும் அழிக்க முடியாது. எத்திராஜின் திருத்தம் தோற்றது என்ற வரி என்றைக்கும் இருக்கும். அதனால் புதிய திருத்தத்தின் குறிப்பில் இதையும் எழுதினேன்: அன்று சோதித்ததாகப் பெயர் போட்டவன் சோதிக்கவில்லை, கருவி தன்னிடம் இருந்தும் கெட்டுப்போனதாகப் பொய் சொன்னான், எழுதியவரிடம் உண்மை மறைக்கப்பட்டது. அதுவும் இனி அழியாது. படித்துவிட்டு மூன்று பேர் என் நேர்மையைப் பாராட்டி எழுதினார்கள். என்ன ஜென்மங்களோ. நான் பதில் போடவில்லை.

பராமரிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னார்கள். போட்டேன். உங்களுடையதை, கர்னலுக்கு உழைத்தவர்களின் பட்டியலில் சேர்த்தேன். பெயர், ஊர், செய்த வேலை என்று மூன்று வரிதான் இடம். மேதை என்றெல்லாம் எழுதவில்லை.

அக்கா போனை எடுப்பதில்லை. எடு என்று கேட்க எனக்கு வாயும் இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், மாமா. இந்த டிரைவருக்கு என்னைவிட யோக்கியமான ஆள் வரும்வரை, வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் எழுதுவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்பேன். யார் முன்னால் சொன்னாலும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும்.

இப்படிக்கு,
சுலோச்சனாவின் தம்பி
குமரேசன்