மாத்தளன் கஞ்சி குடித்தவன்

வெளிநாட்டுப் பார்சலைப் பிரிக்கிறபோது ஒரு மணம் வருமே, சவர்க்காரமும் சொக்லேட்டும் புதுத்துணியும் கலந்தது, அது உனக்குத் தெரியும். போன புதன்கிழமை காலை நிரோஜா என்றொரு பிள்ளை கடைக்கு வந்து, பையைத் திறந்து மெசின் மேசையில் ஒரு பட்டுத்துணியை விரித்தாள். மணம் குப்பென்று அடித்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருசமாகிறது. அந்த மணம் உன்னைக் கூட்டிவந்து பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பூநகரியிலிருந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருசன் சண்டையில் செத்துப் போனார், ஒரு மகள், தாய் கூட இருக்கிறா. கலியாணத்துக்குச் சாறிச் சட்டை தைக்க வேண்டுமாம். "மாப்பிள்ளை சுவிஸில அக்கா" என்று சொல்லும்போதே முகம் சிவந்தது. நான் தோளளவு எடுத்துக்கொண்டிருக்க, போன் அடித்தது. வெட்கத்தோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கம், சாப்பிட்டியோ? ஆர் பக்கத்தில?"

"தைக்கிற அக்கா."

"அக்கா, வடிவாத் தைச்சுக் குடுங்கோ. நாங்களும் கடைசிச் சண்டைக்க மாத்தளனில கஞ்சிக்கு வரிசையில நிண்ட ஆக்கள்தான். கஷ்டம் தெரியும்."

அளவு நாடா என் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதே குரல். 'தெரியும்' என்பதை இழுத்து, முடிவில் ஒரு பெருமூச்சு. இதே கடையில், இதே மேசையில், உன்னுடைய போனில் எத்தனை தரம் கேட்ட குரல்! நாசமறுப்பான், வசனத்தைக்கூட மாற்றவில்லை.

நீ முல்லைத்தீவுக் கரைக்காரி. காற்றை மீறிக் கத்திப் பழகிய வாய். சட்டை இறுக்கமென்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "சட்டை அப்பிடியேதான் கிடக்கு, நீங்கள்தான் ஊதிப்போனியள்" என்று முகத்துக்கு நேரே சொல்வாய். நான் உன்னைக் குசினிப் பக்கம் தள்ளிவிட்டு ஓடிவந்து மன்னிப்புக் கேட்பேன். பரந்தன் சந்தியில் உன்னால் எனக்குப் போன வாடிக்கையாளர் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் உன்னுடைய மனுசனைப் பற்றிய கதை வந்தால் மட்டும் உன் குரல் இறங்கிவிடும். சண்டை முடிந்த அன்று, பதிவுக்கென்று ஆமி கூப்பிட்ட வரிசையில் போனவர் திரும்பி வரவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கோ, நட்டஈடு வரும் என்று எத்தனை பேர் சொன்னார்கள். "கடுதாசியில அந்த மனுசனைச் சாகக் குடுக்கமாட்டன்" என்று நீ ஒரே பிடியாய் நின்றாய். கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டிலில், காணாமல் போனவர்களைத் திருப்பிக் கேட்கிற தாய்மாரோடு அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருந்தாய். திங்கட்கிழமைகளில் நீ வேலைக்கு வரமாட்டாய், நானும் கேட்கமாட்டேன்.

பிறகு அந்த உதவி வீடியோ வந்தது. உனக்குத் தையல் மெசின் தந்தவர்கள், உன் வீட்டையும் கண்ணீரையும் படம்பிடித்து, கீழே உன் போன் நம்பரையும் போட்டு இணையத்தில் விட்டார்கள். காசு கொஞ்சம் வந்தது. அந்த வழியாலேயே அவனும் வந்தான். நிரோஜாவுக்கும் அப்படித்தானாம், கோழிக்கூடு கட்டிக் கொடுத்த வீடியோ.

நாங்கள் விசாரிக்காமலா விட்டோம்? நீயும் நானும் சேர்ந்து அவனைக் குடைந்து எடுத்தோமே. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பாதையால் இடம்பெயர்ந்தது, பங்கர் எங்கே வெட்டினது, பிறகு எந்த முகாம். எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில். கஞ்சியில் மணல் கடிபட்டதைக்கூடச் சொன்னான். எங்கள் சனத்துக்கு அதைவிடப் பெரிய அடையாள அட்டை என்ன இருக்கிறது? அந்த வெயிலில் தட்டோடு எங்களோடு நின்றவன் எங்களிடமே களவெடுப்பானா? அவனுக்கு அங்கே பெண்சாதி இருக்கிறாளா என்று கேட்க மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாத்தளன் கதையில் பொய் சொல்லியிருந்தால் பிடித்திருப்போம். உண்மையாகவே அங்கே நின்றவன், அதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்செரிகிறது.

முதலில் அவனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது, அதே மணத்தோடு. அதற்குப் பின்னால் சங்கிலி போனது, உன்னை சுவிஸுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் வேலைக்குக் கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரனுக்கென்று. பிறகு காப்பு. பிறகு ஒருநாள், "இஞ்ச பாரடி, பத்திரம் இல்லாமல் கலியாணம் பதிய ஏலாதாம்" என்றாய். எந்தப் பத்திரமென்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸேறி அலுவலகத்துக்குப் போனோம். நீ உள்ளே போய் வர அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. வெளியே வாகை மரத்தடியில் வந்து நின்றுகொண்டு, "கையெழுத்து வைச்சிட்டன்டி. கை நடுங்கேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு" என்றாய்.

பத்திரத்தின் படம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கடைசியாய் மிஞ்சியிருந்த தோடும் போனது. அதோடு போனும் ஓய்ந்தது.

திருவிழாவுக்கு சுவிஸிலிருந்து வந்த உன் சொந்தக்காரி ஒருத்தி அவனுடைய படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இவரோ? இவருக்குப் பெண்சாதி, மூண்டு பிள்ளையள். அங்க விசா இல்லாமல் தனிய வந்து நிக்கிற பெட்டையளிட்டயும் இதே கூத்துத்தான். விசாக் காட் எடுத்துத் தாறன் எண்டு, சீட்டுக்காசையும் வாங்கி ஆளையும் நாசமாக்கி விட்டிடுவார். அதுகள் பொலிசுக்கும் போகாதுகள், போனால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம்." அவள் அதை ஊர்ப் புதினம்போலச் சொன்னாள். நீ எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ கொட்டிலுக்குப் போகவில்லை. அந்தத் தாய்மார் உன்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை, வரச்சொல்லி ஆள்கூட அனுப்பினார்கள். "எந்த முகத்தோட போறது? நகை போனது போகட்டும். அந்த மனுசனை நானெல்லோ சாக்காட்டிப்போட்டன்." நோய் வந்து வவுனியா ஆசுப்பத்திரியில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டாய். "என்ர பேர் இதில வெளிய வரக்கூடாது. மாதாவாணை." நானும் சத்தியம் பண்ணினேன்.

இப்போது சொல்லு, நான் என்ன செய்ய?

கடையில் வைத்து உன் பேரைச் சொல்லாமல்தான் நிரோஜாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை இவன் ஏமாத்தினவன் பிள்ளை." "ஆரந்த ஆள்?" என்றாள். "அது சொல்ல ஏலாது பிள்ளை" என்றேன். "உங்களுக்கு எரிச்சல் அக்கா. ஒரு விதவை திரும்ப வாழுறது ஒருத்தருக்கும் பிடிக்காது." துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற போக்கில் அவள் சொல்லித்தான் தெரிந்தது, திங்கட்கிழமை காணியை விற்று எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். வீடும் கிணறும் உள்ள அந்த ஒரு துண்டுக் காணிதான் மூன்று பேருக்கும் இருக்கிறது. அவனுக்குக் காசு அவசரமாம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியில் கை வெட்டவேண்டிய இடத்தில் கழுத்தை வெட்டினேன், ஊசியை முறித்தேன், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தேவையில்லாமல் ஏசினேன். சனிக்கிழமை கடையைப் பூட்டினேன். பூநகரி பஸ் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, சந்தியில் காய்ந்து, பிறகு கிரவல் தெருவால் வீட்டை விசாரித்து நடந்து போய்ச் சேர்ந்தேன். தாய்க்காரி கதிரை எடுத்துப் போட்டா. நிரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

நான் உன் பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன், மனுசனின் பேரைச் சொன்னேன், கொட்டிலைச் சொன்னேன், வாகை மரத்தடியைச் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. தாய்க்காரி "கடவுளே" என்று நெஞ்சில் கைவைத்தா. நிரோஜா அசையவில்லை. "இது கட்டுக்கதை" என்றாள்.

அவளே போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கம்?"

"உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்" என்று உன் பேரைச் சொன்னாள், முழுப்பேரையும். "பரந்தனில தைச்சவா. அவாவைத் தெரியுமோ?"

உடனே தொடர்பு அறுந்தது. அவள் திரும்ப எடுத்தாள், மணி போகவில்லை. இன்னொரு தரம் எடுத்தாள். நம்பரை அடைத்துவிட்டான்.

தாய்க்காரி அழத் தொடங்கினா. நிரோஜா அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். காணி தப்பியது என்று எனக்கு விளங்கியது, ஆனால் எழும்பி வர மனம் வரவில்லை.

"அந்த அக்கா அவரோட கதைக்கேக்க சந்தோசமா இருந்தவாவோ?" என்று கேட்டாள்.

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எவ்வளவு போனது, யாருக்குத் தெரியும், ஏன் ஏமாந்தாள் என்றுதான் கேட்பார்கள். நான் உன்னை நினைத்துப் பார்த்தேன். காலில் மெசினை மிதித்துக்கொண்டு பாட்டுப் படித்தாய். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு தலைக்குப் பூ வைத்தாய். "மூஞ்சையைப் பார், பெட்டையெண்டு நினைப்பு" என்று நான் நக்கலடிக்க, கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு முற்றம் வரைக்கும் என்னைக் கலைத்தாய்.

"ஓம் பிள்ளை. நல்ல சந்தோசமா இருந்தவா."

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், வேறென்ன செய்ய.

சத்தியத்தை மீறிவிட்டேன். கோபமென்றால் கோபி, உன் கோபம் எனக்குப் புதிதா? ஆனால் ஒன்று கேள். கொஞ்சக்காலம் சந்தோசமாக இருந்ததற்காக நீ சாகும்வரை வெட்கப்பட்டாய். அந்த வெட்கம் உன்னுடையதில்லையடி, அவனுடையது. அவன் அதை உன்னிடம் விட்டுப் போனான், நீ என்னிடம் விட்டுப் போனாய். அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க வழி தெரியாமல் நான்தான் இன்னும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.