எழுந்து நின்றுவிட்டாள்

மார்ச் 4

நேற்றுக் கன்று போட்ட கறுப்பி நன்றாக இருக்கிறாள். கிடேரிக் கன்று. மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்காவை மட்டும் தொழுவத்துக்குள் விடவில்லை. அக்காவும் இந்த வீட்டு மருமகள்தான், எனக்கு முன்னால் வந்தவள். அவள் புருஷன் இறந்த பிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் வளர்த்த இரண்டு பசுக்களும் கன்று போட்ட கையோடு படுத்தன, எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து மாமியார் வாயில் ஒரே பேச்சு: "அவ கை பட்டா விளங்காது."

மார்ச் 5

கறுப்பி படுத்துவிட்டாள். கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கிறாள். காது ஐஸ் மாதிரி. அக்காவின் பசுக்களும் இப்படித்தான் கிடந்தன.

மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "இங்க கொண்டுவாங்க" என்கிறார்கள். எழுந்திருக்க முடியாத மாட்டை இரண்டு பஸ் மாறி எப்படிக் கொண்டுபோவது? இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டா?

இவர் கறிக்கடை லாரிக்குச் சொல்லிவிட்டார். "உயிர் இருக்கும்போதே குடுத்துடலாம்" என்கிறார்.

அதே நாள், சாயங்காலம்



லாரிச் சத்தம் என்று நினைத்து வாசலுக்குப் போனேன். ஜீப். வேறு ஊருக்குத் தடுப்பூசி போடப் போய்க்கொண்டிருந்த மாட்டு டாக்டர். நடு ரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

காதைத் தொட்டுப் பார்த்தார். "கன்னு போட்டு ரெண்டு நாளா? சுண்ணாம்புச் சத்து மொத்தமும் பாலோட போயிடுச்சும்மா" என்றார். ஒரு புட்டி மருந்தைக் கழுத்து நரம்பில் மெதுவாக இறக்கினார். புட்டி முடிவதற்குள் கறுப்பிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். ஏப்பம் விட்டாள். சாணி போட்டாள். பிறகு — எழுந்து நின்றுவிட்டாள். லாரி வந்தபோது கன்றை நக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் திறந்த வாயை மூடவில்லை.

"முன்னாடி இதே மாதிரி ரெண்டு பசு…" என்று இழுத்தேன்.

"நேரத்துக்குப் போட்டிருந்தா அநேகமா எழுந்திருக்கும்" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மார்ச் 6

அக்காவிடம் சொல்வதா, வேண்டாமா?

மார்ச் 8

சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"ஒரு புட்டி மருந்தா?"

"ஆமாக்கா."

"அப்போ, என் ராசி இல்லையா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"அவரு போனதுகூட என்னாலதான்னு நெனச்சிட்டிருந்தேன்டி."

இத்தனை வருஷமா? பக்கத்து வீட்டுலதானே இருக்கேன், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? எப்படிக்கா தாங்குன?

மார்ச் 15

பால் சங்கக் கூட்டம். எப்போதும் கடைசியில் உட்காரும் அக்கா எழுந்து நின்றாள். "பாலெடுக்க வண்டி தெனமும் வருது. ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் வருது. வாரத்துல ஒரு நாள் டாக்டரையும் ஏத்திட்டு வந்தா என்ன? பால் வேணும், மாடு வேணாமா?"

முதலில் சிரித்தார்கள். அவள் உட்காரவே இல்லை. சிரிப்பு அடங்கியது. இவர் எழுந்து, "அண்ணி சொல்றது சரி" என்றார். அம்மா பேச்சைத் தட்டாத மனுஷன். நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10

புதன்கிழமைகளில் டாக்டர் வருகிறார், பால் கேன்களுக்கு நடுவில் மருந்துப் பெட்டியோடு. முதல் வாரம் மாடுகளைவிட வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். நடுவில் அவசரமென்றால் கூப்பிட அக்காவிடம் அவருடைய போன் நம்பர் இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்றும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஜூன் 19

எங்கள் இன்னொரு பசு செவலைக்குக் கன்று போடும் நாள்; காலையிலிருந்து நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மாமியாரும் அப்படித்தான். மத்தியானம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பெரியவள வரச் சொல்லு. அவ பக்கத்துல இருந்தா தேவலை."

அக்கா வந்தாள். மாமியார் தொழுவத்துக் கதவைத் தானே திறந்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.