எட்டு மட்டிகளின் நாடி

மார்ச் 4

குடிநீர் நிலையத்தில் என் ஷிப்டுக்குப் புதிய ஆட்கள், எட்டு மட்டிகள், அதாவது ஆற்றுச் சிப்பிகள். ஆற்றுத் தண்ணீர் அவற்றின் தொட்டி வழியாக ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டின் மேலும் ஒரு சென்சார். இதயத் துடிப்பு திரையில் கோடாக ஓடும். தண்ணீரில் கெட்டது கலந்தால் மட்டி ஓட்டை மூடிக்கொள்ளும், துடிப்பு குறையும். எட்டும் ஒன்றாகக் குறைந்தால் ஊருக்குப் போகும் வால்வை மூட வேண்டும். இவ்வளவுதான் வேலை என்கிறார் இன்ஜினியர்.

மார்ச் 6

இன்ஜினியர் படம் போட்டுக் காட்டினார். மட்டியின் இதயத்துக்கு மூன்று அறைகள். ரத்தத்துக்கு நிறமில்லை. நம் ரத்தம்போல் குழாய்க்குள்ளேயே சுற்றுவதும் இல்லை. கொஞ்ச தூரம் குழாயில் போய், உறுப்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் கொட்டிவிடுகிறது. அங்கே எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, செவுள் வழியாக மெதுவாக இதயத்துக்குத் திரும்புகிறது. மட்டி நகர்வதற்கு ஓட்டுக்கு வெளியே நீட்டும் தசைதான் அதன் கால்; அது நீள்வதுகூட உள்ளே ரத்தம் நிரம்புவதால்தான். இது போதாதென்று குடல் வேறு இதயத்துக்குள் புகுந்து போகிறது. யார் செய்த பிளம்பிங் என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை.

மார்ச் 11

ஒன்றுமில்லை. ஐந்தாம் எண் சோம்பேறி.

மார்ச் 15

எட்டுக் கோடுகளும் சேர்ந்து தொய்ந்தன. வால்வை மூடிவிட்டேன். ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றது.

மார்ச் 16

தண்ணீரில் ஒரு குறையும் இல்லையாம். பக்கத்துச் சுவரில் கேபிளுக்காகத் துளை போட்டிருக்கிறார்கள். அதிர்வில் மட்டிகள் மூடிக்கொண்டன. துளை போட வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? நான்தான். புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

இன்ஜினியர் கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை இங்க வெச்சுக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வலிக்கிறது. நேற்று தண்ணீர் நின்றபோது வீட்டில் என் மாமியார் சோப்பு நுரையோடு பாதிக் குளியலில் நின்றிருக்கிறார். என்னோடு பேச்சே இல்லை.

மார்ச் 29

மறுபடியும் எட்டும் தொய்ந்தன. முதலில் சுவர்ப் பக்கம் ஓடினேன், யாரும் இல்லை. தண்ணீரை முகர்ந்தேன், வாடை இல்லை. இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. மூடினால் வேலை போகும். மூடாவிட்டால் — குடிக்கிறவங்க என்ன ஆவாங்க? துடிப்பு இன்னும் இறங்கிட்டே இருக்கு. பயமா இருந்துச்சு. போனா போகட்டும்னு மூடிட்டேன்.

மார்ச் 30

தண்ணீரில் பூச்சிமருந்து. ஆற்றில் மேலே எங்கோ கலந்திருக்கிறது. ஊருக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

மாலையில் இன்ஜினியரே கூப்பிட்டார். எப்போது திறக்கலாம் என்று என்னிடம் கேட்டார். மறுசோதனை முடிவு இன்னும் வரவில்லை, ஆறு மட்டிகள் திறந்துவிட்டன, இரண்டு மூடியே இருக்கின்றன என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்றார். வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்டா, குடம், சட்டி, டம்ளர்வரை எல்லாவற்றிலும் தண்ணீர். முதல் தடவைக்கு அப்புறம் மாமியார் தினமும் பிடித்து வைக்கிறாராம்.

"நீ திரும்பவும் மூடுவேன்னு எனக்குத் தெரியும்" என்றார் மாமியார். "குளிக்க ஒரு வாளிதான், சொல்லிட்டேன்."