செல்வியின் அறிவியல் நோட்டு

வெள்ளிக்கிழமை, ஜூலை 2005

எல்லாப் பாடத்திலும் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்க வைப்பது என்று ஜூனில் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். "ஏழாங்கிளாஸ் செல்வி இன்னிக்கு ரெண்டு வரி படிச்சா, அக்கா" என்று வாராவாரம் வந்து சொன்னவள் அறிவியல் டீச்சர் வசந்தா. நான் நம்பினேன்.

இன்று செல்வியின் அறிவியல் நோட்டை வாங்கிப் பார்த்தேன். உப்பு எடுக்கும் முறையை முத்து முத்தாக எழுதியிருந்தாள். படிக்கச் சொன்னதும் விழித்தாள்.

"டீச்சர் போர்டுல எழுதிப் போடுவாங்க, நாங்க பார்த்து எழுதிக்குவோம். படிக்கச் சொன்னதே இல்லீங்க டீச்சர்."

சாப்பாட்டு நேரத்தில் வசந்தாவிடம் கேட்டேன். "தமிழ் டீச்சர் நீங்கதானேக்கா" என்றாள், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே.

மதியம் செல்வியை மறுபடி கூப்பிட்டேன். அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவள். 'உப்பு' எங்கே இருக்கிறது, அதையாவது காட்டு என்றேன். தன் கையால் எழுதிய பக்கத்தில் அவள் விரல் தேடிக்கொண்டே இருந்தது.