யோனாகோவில் வாங்கிய மட்சுயே இனிப்பு

அன்புள்ள மிசுஹோவுக்கு,

ஒகயாமா மாநிலத்திலேயே பெரிய புளுகனான உன் சித்தப்பா எழுதுவது. நானும் தோமி சித்தியும் நலம், அவள் என்னிடம் பேசி நான்கு நாளாகிறது என்பதைத் தவிர. சப்போரோவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் எட்டு மாதமாகக் குடியிருக்கும் சக்கரவர்த்தியும் நலம்தானே. குளியலறையில் வழுக்காமல் நட. உன் கடிதம் வந்தது. நான் அனுப்பிய மட்சுயே இனிப்பை, அந்தப் பச்சை மாவு தூவிய மோச்சி அரிசி உருண்டையை, வாயில் போட்டதும் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து தின்ற மாதிரி இருந்தது, “பாட்டி இருக்கற ஊர்லருந்து வந்திருக்குடா”ன்னு வயித்துக்கிட்ட சொன்னேன் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து ஃபூஜி மலையைத் தலையில் சுமந்து திரிகிறேன். மிசுஹோ, அன்று நான் மட்சுயேவுக்குப் போகவே இல்லை.

இந்த வயிற்றோடு என்னால் பயணம் செய்ய முடியாது, முன்னோரைக் கும்பிடும் ஹிகான் வாரத்தில் நீங்கள் போய் அம்மா கல்லறையைக் கழுவி ஊதுபத்தி ஏற்றுங்கள் என்று நீ கேட்டதும், போருக்குப் போகும் தளபதி போலத்தான் ரயில் ஏறினேன். வழியில் என் பள்ளித் தோழன் ஹிசாவோகா ஏறினான். “கல்லறை எங்கடா ஓடிப்போகுது கென்சாகு, வெந்நீர் ஊத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போ” என்றான். மட்சுயேவுக்கு இன்னும் அரைமணி நேரம்தான், யோனாகோவில் இறங்கிவிட்டேன். ஒரு முழுக்கு எழுநூறு முழுக்காகி, பொழுது சாய்ந்து, வீடு திரும்பும் ரயிலுக்கு ஓடினால் ஸ்டேஷன் கடையில் அதே மட்சுயே இனிப்பு அடுக்கியிருக்கிறது. உனக்கு ஒன்று, அக்கம்பக்கத்துக்கு ஒன்று, வீட்டில் அண்ணி படத்துக்கு முன்னால் ஒன்று என மூன்று பெட்டி வாங்கினேன். கல்லறை பளபளக்கிறது, நிலா அதில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்கிறது என்று உனக்கு எழுதியவனும் நான்தான். சித்தி பெட்டி சுற்றிய காகிதத்தையெல்லாம் மடித்துச் சேர்ப்பவள் அல்லவா, ஒன்றின் அடியில் யோனாகோ ஸ்டேஷன் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. “ஏங்க, அக்கா கல்லறைய யோனாகோவுக்கு மாத்திட்டாங்களா?” என்று கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

நேற்று மட்சுயேவுக்கே போனேன். யார் ஏறினாலும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன். கல்லறையைச் சுற்றிக் கரடி ஒளியுமளவு புல், சரி, முழங்கால் உயரம். குவளையில் வசந்தகாலத்தில் நீ வைத்த பூவின் தண்டு காய்ந்து நின்றது. கழுவினேன், ஊதுபத்தி ஏற்றினேன், அண்ணியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிய பெட்டியைப் பிரித்துப் படைத்து, காகம் கொத்துமுன் திரும்ப எடுத்து, வழக்கப்படி ஒன்றை அங்கேயே தின்றேன். அதே ருசி. துளி வித்தியாசம் இல்லை. நான் வாய் திறக்காவிட்டால் உனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மீதியை இத்துடன் அனுப்புகிறேன், இது உன் அம்மா முன்னால் இருந்தது. வந்த அன்றே தின்றுவிடு, இறுகிப்போகும். தின்னும்போது குழந்தையிடம் முன்பு சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடு, பிறக்காத பிள்ளையை ஏமாற்றிய பாவம் எனக்கு வேண்டாம். நன்றி சொல்லிப் பதில் இனிப்பு அனுப்பாதே, நன்றாகத் திட்டி நாலு பக்கம் எழுது. நோவில்லாமல் பெற்றெடுத்து நூறு வருஷம் இரு. பெட்டியின் அடியில் கடைச் சீட்டைப் பிய்க்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் சித்தப்பா,
கென்சாகு